மூளைக் காய்ச்சல்: ஒரு பெயரில் இரு நோய்கள்

சித்தூரிலிருந்து தெற்கே வேலூருக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுடையது. 1911-ஆம் ஆண்டு வரை இவ்விரண்டு ஊர்களும் வட ஆர்க்காடு என்னும் ஒரே ஜில்லாவில் அடங்கியிருந்தன. அந்த ஜில்லாவுக்குச் சித்தூரே தலைநகராகவும் விளங்கிற்று. பின்னர்ச் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. 1953-இல் ஆந்திர இராஜ்யத்தில் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி அதினின்றும் பிரிந்து வேறொரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. எல்லைகள் இவ்வாறு பல முறை மாறியிருப்பினும் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. நோய் முற்றிய குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு சித்தூர்ப் பகுதிப் பெற்றோர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நோக்கிப் புறப்படுவது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம்.

1955-ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு வந்து சேர்ந்த சில குழந்தைகளின் நிலை மருத்துவர்களின் கவனத்தைக் கவர்ந்தது. கடுங்காய்ச்சல், தலைவலி, வாந்தி, அதன்பின் வலிப்பு, முடிவில் நினைவிழப்பு என நோய் விரைந்து முற்றிற்று. ஊர் மக்கள் இதனை மூளைக் காய்ச்சல் என்பர். சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கு பேசுவோர் 'மெதடுவாப்பு' என்பர்; மூளை வீக்கம் என்பது அதன் பொருள். இரு மொழியிலும் பெயர் ஒன்றே. எனினும் இப்பெயரால் வழங்கப்படும் நோய் ஒன்றன்று. அவற்றுள் ஒன்று மனிதனின் தொண்டையிலிருந்து மனிதனுக்குத் தாவுவது. மற்றொன்று நெற்கழனியில் பிறந்த கொசுவால் வருவது. முன்னதற்கு மருந்து உண்டு. ஆனால் அதனைச் செலுத்துவதற்கு உரிய காலம் சில மணி நேரமே. பின்னதற்கு இன்றளவும் நேரடியான மருந்து இல்லை. ஆனால் அது வராமற் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. ஆகவே, மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு வந்திருப்பது எது என்னும் வினாவே வேலூர் மருத்துவர்கள் முதலில் விடைகாண வேண்டியிருந்த வினாவாகும்.

முதுகுத் தண்டின் நீர்

இவ்வினாவுக்கு விடை குழந்தையின் முதுகுத் தண்டில் இருந்தது. மூளையும் தண்டுவடமும் மூன்று மெல்லிய உறைகளால் பொதியப்பட்டுள்ளன. அவ்வுறைகளினிடையே தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 1891-இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே, இடுப்பு எலும்புகளின் இடைவெளி வழியே ஊசியைச் செலுத்தி இந்நீரை வெளிக்கொணரும் முறையை வகுத்தார். முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமற் போகும் என்று பல பெற்றோர் அஞ்சுவதுண்டு. இது ஆதாரமற்ற அச்சம். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது அதற்கும் கீழே, வெறும் நரம்பிழைகள் நீரில் மிதக்கும் பகுதியில். இந்த அச்சத்தால் பெற்றோர் தயங்கி நிற்கும் நேரத்தில் நோய் தயங்கி நிற்பதில்லை.

வெளிவரும் நீர் வடித்த கஞ்சி போலக் கலங்கியிருந்தால், உறைகளுக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். அதன் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டிலிட்டுச் சாயமேற்றி நுண்பெருக்கியில் நோக்கினால், சீழ் அணுக்களுக்குள்ளேயே கிருமிகள் இரண்டிரண்டாக இணைந்திருப்பதைச் சில சமயம் காணலாம். காப்பிக் கொட்டைகள் இரண்டைத் தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்தாற்போன்ற தோற்றம். இதுவே மெனிங்கோகாக்கஸ். 1805-இல் ஜெனீவா நகரில் வியூசோ என்னும் மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அதற்குக் காரணமான கிருமியை 1887-இல் வியன்னாவில் வைக்செல்பாம் பிரித்தெடுத்தார்.

நீர் தெளிவாகவே வந்து, அதில் சிறிதளவு வெள்ளணுக்கள் மட்டும் காணப்பட்டு, சர்க்கரையின் அளவும் குறையாதிருந்தால், பாக்டீரியாவின் வேலை அன்று, வைரஸின் வேலையாகலாம் என்று மருத்துவர் ஐயுறுவர். 1955-இல் வேலூரில் ஐயம் இத்திசையிலேயே சென்றது.

தொண்டையிற் குடியிருக்கும் கிருமி

மெனிங்கோகாக்கஸ் மனிதனையன்றி வேறெந்த உயிரையும் சார்ந்து வாழ்வதில்லை. மண்ணிலோ நீரிலோ அது நெடுநேரம் பிழைத்திருப்பதுமில்லை. அதன் வீடு மனிதனின் மூக்குக்கும் தொண்டைக்கும் இடைப்பட்ட ஈரமான சவ்வு. நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை இக்கிருமியைத் தொண்டையில் தாங்கியவாறு, அதனை அறியாமலே நலமுடன் உலவுகின்றனர் என்பது வியப்புக்குரிய உண்மை. கொள்ளை நோய்க் காலங்களில் இத்தொகை மேலும் உயர்கிறது. நோயாளியைவிட இத்தகைய நலமுள்ள சுமப்பாளரே நோயைப் பரப்புவதில் பெரும்பங்கு கொள்கின்றனர். ஆகவேதான், ஒரு நோயாளிக்கு எங்கிருந்து தொற்றியது என்று ஆராயும்போது முன்பே நோயுற்றவர் எவரும் அகப்படாமற் போகின்றனர்.

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் எச்சில் துளிகளே இக்கிருமியின் வாகனம். அத்துளிகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்துக்குமேல் செல்வதில்லை. ஒரே அறையில் நாள்தோறும் உறங்குதல், ஒரே குவளையில் வாய் வைத்துப் பருகுதல், முத்தமிடுதல் ஆகியவையே தொற்றுக்கு ஏற்ற சூழ்நிலைகள். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் படைவீடுகளில் இந்நோய் தோன்றியபோது கிளோவர் என்னும் மருத்துவர் வீரர்களின் தொண்டைகளைத் தொடர்ந்து சோதித்து வந்தார். படுக்கைகள் நெருங்க நெருங்கக் கிருமி சுமப்போர் பெருகினர். சுமப்போர் ஐந்தில் ஒருவரைத் தாண்டியபோது நோயாளிகள் தோன்றலாயினர். படுக்கைகளுக்கிடையே குறைந்தது இரண்டரை அடி இடைவெளி விடச் செய்தபோது சுமப்போர் தொகை வீழ்ந்தது. நோய்த் தடுப்பின் வரலாற்றில் இத்துணை மலிவான கருவி வேறு இருந்ததாகச் சொல்வது அரிது.

திருப்பதியைப் பற்றிய எண்ணம் இங்கு இயல்பாகவே எழும். திருமலைக்கு நாளொன்றுக்கு அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம் வரை யாத்திரிகர் வருகின்றனர். வைகுண்டம் வரிசைக் கூடத்தின் அறைகளில் பல மணி நேரம் நெருங்கி அமர்ந்து காத்திருக்கின்றனர். யாத்திரைக் கூட்டம் இக்கிருமிக்கு வாய்ப்பளிக்கக் கூடும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. 1987-இல் மக்கா யாத்திரையை ஒட்டி இந்நோய் பெருகிற்று. 2000-ஆம் ஆண்டில் மற்றோர் இனத்தைச் சேர்ந்த கிருமி யாத்திரிகருடன் பல நாடுகளுக்கும் பரவிற்று. அதுமுதல் ஹஜ் யாத்திரை செல்வோர் அனைவரும், இந்தியாவிலிருந்து செல்வோர் உட்பட, நான்கு இனக் கிருமிகளைத் தடுக்கும் ஊசியைப் போட்டுக்கொள்வது கட்டாயமாயிற்று. ஆயினும் கூட்டம் என்பது மட்டும் நோயை உண்டாக்கிவிடாது. சில மணி நேரம் அருகில் நின்றவரிடமிருந்து தொற்றுவதைவிட, பல நாள் ஒரே கூரையின்கீழ் உறங்கியவரிடமிருந்து தொற்றுவதே பெரும்பான்மை. ஆகவே சந்நிதி வரிசையைக் காட்டிலும் மாணவர் விடுதிகளின் படுக்கை வரிசையே கவனத்துக்கு உரியது. நம் நாட்டில் இந்நோய் பெருங்கொள்ளையாக எழுந்ததும் வேறிடங்களிலேதான். டெல்லியில் 1966-இலும், மீண்டும் 1985-இலும் பரவிற்று; 1985-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 2005-இல் அதே நகரத்தில் ஏறத்தாழ நானூறு பேருக்கு வந்தது. 2008-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மேகாலயாவிலும், அடுத்த ஆண்டு திரிபுராவிலும் தோன்றிற்று. குளிரும் வறட்சியும் சேர்ந்த மாதங்களில் தூசி நிறைந்த காற்று தொண்டைச் சவ்வைப் புண்படுத்துகிறது என்பதும், மக்கள் கதவடைத்து நெருங்கி உறங்குகின்றனர் என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள்.

தொண்டையில் சாதுவாகக் கிடக்கும் கிருமி ஒருவரை மட்டும் ஏன் தாக்குகிறது? 1969-இல் அமெரிக்கப் படையில் புதிதாகச் சேர்ந்தோரிடம் நடத்திய ஆராய்ச்சி இதற்கு விடையளித்தது. இரத்தத்தில் இக்கிருமியைக் கொல்லும் எதிர்ப்பொருள் இல்லாதவரே நோய்வாய்ப்பட்டனர். கிருமியைத் தொண்டையில் தாங்குவதே பெரும்பாலோருக்கு ஒரு வகைத் தடுப்பாக அமைகிறது. ஓரிரு வாரங்களில் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. அதற்கு முன் கிருமி இரத்தத்தினுள் நுழைந்துவிட்டவரே துரதிருஷ்டசாலிகள். கைக்குழந்தைகளும் இளைஞரும் இவர்களுள் மிகுதி. மண்ணீரல் நீக்கப்பட்டவருக்கும் ஆபத்து அதிகம்.

இரத்தத்தினுள் நுழைந்த கிருமி இரு வழிகளில் தாக்கலாம். சர்க்கரைப் பொருளால் ஆன வழவழப்பான கவசம் ஒன்று அதனைச் சூழ்ந்திருப்பதால் வெள்ளணுக்கள் அதனை எளிதில் விழுங்க முடிவதில்லை. பெருகும்போது தன் மேல்தோலிலிருந்து சிறு கொப்புளங்களை அது உதிர்க்கிறது. அக்கொப்புளங்களில் உள்ள நஞ்சு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைச் சிதைக்கிறது. குழாய்கள் கசிகின்றன, அதே நேரத்தில் அவற்றினுள் இரத்தம் உறைந்தும் போகிறது. தோலில் ஊசிமுனை அளவான செந்நீலப் புள்ளிகள் தோன்றி, சில மணி நேரத்தில் படைகளாக விரிகின்றன. இரத்த அழுத்தம் வீழ்கிறது, கைகால்கள் சில்லிடுகின்றன, விரல் நுனிகள் கறுத்து அழுகலாம். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகளிலும் இரத்தக் கசிவு நேர்வதுண்டு. காலையில் விளையாடிய குழந்தை மறுநாள் காலையைக் காணாமற் போவது இவ்வகையில்தான்.

மற்றொரு வழி, இரத்தத்திலிருந்து மூளை உறைகளுக்குள் கிருமி ஊடுருவுவது. அங்கு அதனை எதிர்க்கும் அணுக்களும் எதிர்ப்பொருள்களும் மிகக் குறைவாதலால் தடையின்றிப் பெருகுகிறது. சீழ் திரள்கிறது, மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கழுத்தை முன்புறம் வளைக்க முடியாத விறைப்பும், வெளிச்சத்தைக் காணக் கூசுதலும், பொறுக்கவொண்ணாத தலைவலியும் இதன் அடையாளங்கள். கைக்குழந்தையிடம் கழுத்து விறைப்பைக் காண்பது அரிது; பால் குடிக்க மறுத்தல், கீச்சென்ற அழுகை, தூக்கினால் துவளுதல், உச்சிக்குழி புடைத்திருத்தல் ஆகியவற்றையே தாய் கவனிக்க வேண்டும். காதின் நரம்பு பழுதுபட்டு, பிழைத்த குழந்தை செவிடாவதும் உண்டு.

தோலில் தோன்றும் புள்ளிகள் இந்நோய்க்கு உரியவையா என்று வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைப் புள்ளியின்மேல் அழுத்திப் பார்த்தால் சாதாரணத் தடிப்பு வெளுத்து மறையும். இரத்தக் கசிவால் ஆன புள்ளி மறையாது. ஆயினும் இச்சோதனையை விவரிக்கும் மேனாட்டு நூல்கள் வெண்ணிறத் தோலை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. நம் குழந்தைகளின் கருநிறத் தோலில் புள்ளிகள் கண்ணுக்குப் படாமற் போகலாம். உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் தேடுதல் வேண்டும். புள்ளி இல்லையென்பதால் நோய் இல்லையென்று முடிவு செய்வதும் தவறு.

கிருமி தொற்றியபின் பெரும்பாலும் நான்கு நாட்களில், சில சமயம் இரண்டு முதல் பத்து நாட்களுக்குள், நோய் வெளிப்படுகிறது. சிகிச்சையில்லாவிடில் நோயாளிகளில் பாதிப்பேர் வரை இறக்கக் கூடும். சிகிச்சை பெற்றோரிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறக்கின்றனர். பிழைத்தோரில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை செவிட்டுத் தன்மை, வலிப்பு, உறுப்பிழப்பு போன்ற குறைகளுடன் வாழ்கின்றனர். இருப்பினும் பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற சாதாரண மருந்துகளே இக்கிருமியைக் கொல்லப் பெரும்பாலும் போதுமானவை. மருந்து அரிதன்று, காலமே அரிது. நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தோருக்கும் சிப்ரோஃப்ளாக்சாசின் அல்லது ரிஃபாம்பிசின் கொடுத்து அவர்களது தொண்டையிலுள்ள கிருமியை அகற்றுதல் வேண்டும்.

கழனியிலிருந்து வரும் நோய்

வேலூர்க் குழந்தைகளுக்குத் திரும்புவோம். அவர்களுக்குப் பெனிசிலின் பயன்படவில்லை. நீரிலும் பாக்டீரியா இல்லை. அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ராக்பெல்லர் நிறுவனமும் இணைந்து 1952-இல் பூனாவில் நிறுவிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவந்தது. இன்று புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் எனப் பெயர் பெற்றிருப்பது அதுவே. குழந்தைகளின் இரத்த நீர் அங்கு அனுப்பப்பட்டது. நோயின் தொடக்கத்தில் எடுத்த இரத்தத்தையும் சில வாரங்களுக்குப் பின் எடுத்த இரத்தத்தையும் ஒப்பிட்டு, ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸுக்கு எதிரான பொருள்கள் தோன்றியிருப்பதை டெல்ஃபோர்ட் வொர்க், கீர்த்தி ஷா ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அவர்களது கட்டுரையும், நோய்க்குறிகளை விவரித்து வேலூரைச் சேர்ந்த வெப், பெரைரா ஆகியோர் எழுதிய கட்டுரையும் 1956-இல் வெளியாயின. இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் இனங்காணப்பட்டது இதுவே முதல் முறை.

இந்நோயின் பழைய வரலாறு ஜப்பானைச் சார்ந்தது. அந்நாட்டில் 1924-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இதனால் தாக்குண்டனர். 1935-இல் டோக்கியோவில் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வைரஸ் வட ஆர்க்காட்டின் கிராமங்களில் காணப்படும் என எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 1956-இல் வேலூர்ப் பகுதியில் பிடித்த கொசுக்களிலும், 1958-இல் அங்கு இறந்த நோயாளியின் மூளையிலும் அதே வைரஸ் அகப்பட்டபோது ஐயம் முற்றும் நீங்கிற்று. 1955 முதல் 1966 வரை வட ஆர்க்காட்டிலிருந்தும் அதனை அடுத்த தமிழக, ஆந்திர மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 65 நோயாளிகள் இவ்வாறு இனங்காணப்பட்டனர். வட ஆர்க்காட்டின் வடக்கு எல்லையை ஒட்டிய ஆந்திர மாவட்டம் சித்தூரே ஆகும்.

இவ்வைரஸ் மனிதனைத் தேடி வருவதன்று. அதன் இயல்பான வாழ்க்கை நீர்ப்பறவைகளிடத்தும் பன்றிகளிடத்தும் நடைபெறுகிறது. ஏரிப் பாசனத்தில் விளையும் கழனிகளில் நாற்று நட்டபின் தேங்கி நிற்கும் நீரில் கியூலெக்ஸ் இனத்தைச் சேர்ந்த கொசுக்கள் முட்டையிடுகின்றன. வீட்டுச் சாக்கடையில் வளரும் கொசு வேறு. இது கழனிக் கொசு. அந்தி மயங்கியபின் வெளியில் திரிந்து பெரும்பாலும் மாட்டின் இரத்தத்தையே நாடும். கழனியில் இரை தேடும் மடையான், உண்ணிக் கொக்கு முதலிய பறவைகளையும், ஊர்ப்புறத்துப் பன்றிகளையும் கடிக்கும்போது வைரஸை ஏற்றுக்கொள்கிறது. பன்றியின் இரத்தத்தில் வைரஸ் சில நாட்கள் மிகுந்த அளவில் பெருகுகிறது. பன்றிக்கோ பெரும்பாலும் நோய்க்குறி ஏதும் தோன்றுவதில்லை. மாட்டின் உடலில் வைரஸ் போதிய அளவு பெருகுவதில்லை. ஆதலால் மாட்டைக் கடித்த கொசுவுக்கு அதனிடமிருந்து வைரஸ் கிடைப்பதில்லை. மனிதனும் அவ்வாறே. நோயாளியைக் கடித்த கொசுவால் மற்றவருக்கு நோய் வருவதில்லை. நோயாளியின் மூச்சாலும் எச்சிலாலும் வருவதில்லை. இந்நோய்க்காக ஒரு குழந்தையைத் தனிமைப்படுத்துவதோ, அவ்வீட்டாரை ஊரார் விலக்குவதோ பொருளற்றது. மெனிங்கோகாக்கஸ் நோயில் வீட்டாருக்கும் மருந்து தர வேண்டும். இந்நோயில் அதற்குத் தேவையே இல்லை. இரு நோய்களையும் ஒரே பெயரால் வழங்குவதன் தீங்கு இதிலிருந்து விளங்கும்.

தொற்று ஏற்பட்டோரில் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடுநோய் வருகிறது. அவ்வொருவர் பெரும்பாலும் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தையாக இருக்கிறார். வைரஸ் இங்கு உறைகளோடு நில்லாது மூளைத் திசுவுக்குள்ளேயே புகுந்து, நடுமூளைப் பகுதியையும் உடலசைவை ஆளும் உட்பகுதிகளையும் அழிக்கிறது. ஆகவேதான் முகபாவம் அற்ற, முகமூடி அணிந்தாற்போன்ற பார்வையும், கைநடுக்கமும், உடல் இறுகுதலும் தோன்றுகின்றன. கடுநோயுற்றோரில் மூவரில் ஒருவர் வரை இறக்கக் கூடும். பிழைத்தோரிலும் நான்கில் ஒருவருக்குப் பேச்சோ அறிவோ கைகாலோ நிலையாகக் குன்றிவிடுகிறது. மருத்துவர் செய்யக் கூடுவது வலிப்பை அடக்குதல், மூளை அழுத்தத்தைக் குறைத்தல், உணவும் மூச்சும் தடைப்படாமற் காத்தல் ஆகியவையே.

மழைக்குப்பின் கழனிகள் நிறைந்திருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஆந்திரத்தில் இந்நோய்க்குரிய பருவம். உழவர்க்கு இதில் ஒரு பங்கு உண்டு. நெல்லுக்கு நீரைக் கட்டி, பின் வடித்து மண்ணை உலர விட்டு, மீண்டும் நீர் பாய்ச்சும் முறையைத் தமிழ் உழவர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பர். மண்ணின் காய்ச்சல் குழந்தையின் காய்ச்சலைத் தடுக்கும் என்பது சொல் விளையாட்டு மட்டுமன்று. நீர் வடியும் நாட்களில் கொசுப் புழுக்கள் மாண்டுபோகின்றன. இம்முறையுடன் வேப்பம் பிண்ணாக்கு பூசிய யூரியாவையும் சேர்த்துக் கையாண்டால் கழனிக் கொசு பெரிதும் குறைகிறது என்பதை மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் தமிழ்நாட்டு வயல்களில் செய்து காட்டினர். ஆனால் ஓர் ஊரில் ஒரே உழவர் மட்டும் இதனைச் செய்து பயனில்லை. ஏரியின் ஆயக்கட்டு முழுவதும் ஒரே முறையில் நீரைக் கட்டியும் வடித்தும் வரவேண்டும். ஏரி நீர்ப் பங்கீட்டை அறிந்தோர் அது எவ்வளவு கடினம் என்பதையும் அறிவர்.

தடுப்பூசி இதனினும் உறுதியான வழி. 2005-இல் கோரக்பூர்ப் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் இந்நோய்க்கு இரையானபின், 2006 முதல் நோய் நிலைகொண்ட மாவட்டங்களின் குழந்தைகளுக்கு அரசு இவ்வூசியைப் போட்டு வருகிறது. முதல் ஊசி ஒன்பதாம் மாதத்திலும், இரண்டாவது 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் இடப்படுகிறது. தொடக்கத்தில் வந்தது சீன நாட்டு மருந்து. 2013-இல் உரிமம் பெற்ற இந்தியத் தடுப்பு மருந்துக்கு மூலமான வைரஸ், சித்தூரை அடுத்துள்ள கர்நாடகத்தின் கோலார்ப் பகுதியில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது. மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேரவில்லை. யாத்திரிகர், மண்ணீரல் இழந்தோர் போன்ற சிலருக்கே இடப்படுகிறது. ஆனால் 2010 முதல் ஆப்பிரிக்காவில் செனெகல் தொடங்கி எத்தியோப்பியா வரை நீளும் மெனிங்கோகாக்கஸ் மண்டலத்தின் மக்களுக்கு மிகக் குறைந்த விலையில் அளிக்கப்பட்டு, அங்கு 'ஏ' இனக் கிருமியை ஏறத்தாழ ஒழித்துவிட்ட தடுப்பு மருந்து புனே நகரத்துச் சீரம் நிறுவனத்தில் செய்யப்பட்டதே. ஐந்து இனக் கிருமிகளைத் தடுக்கும் அதன் புதிய மருந்தை 2024-இல் நைஜீரியா முதன்முதலாக வழங்கத் தொடங்கிற்று.

இவ்விரண்டோடு பட்டியல் முடிந்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். புதர்க் காய்ச்சல் எனப்படும், சிறு பூச்சியின் கடியால் வரும் நோயும் மூளையைத் தாக்குவதுண்டு; அதற்கு டாக்சிசைக்ளின் என்னும் எளிய மருந்து உண்டு. உடலில் எங்கேனும் சிகரெட்டால் சுட்டாற்போன்ற கருநிறப் பொருக்கு இருக்கிறதா என்று மருத்துவர் தேடிப் பார்ப்பது இதற்காகவே. காசநோய்க் கிருமியும் மூளை உறைகளைத் தாக்கலாம். அது நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல முற்றுவது.

காய்ச்சலுடன் மயங்கிய குழந்தை சித்தூர்ப் பகுதியின் ஓர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வரும்போது அங்குள்ள மருத்துவர் இவற்றுள் எது என்று கண்ணால் மட்டும் கண்டு சொல்ல இயலாது. முதுகுத் தண்டின் நீரை எடுக்க அங்கு வசதியிராது. திருப்பதியில் 1960-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அரசு மருத்துவமனைக்கோ வேலூருக்கோ அனுப்ப வேண்டும். வழியில் கழியும் நேரம் மெனிங்கோகாக்கஸுக்கு மிகவும் போதுமானது. ஆகவே, மெனிங்கோகாக்கஸ் என்னும் ஐயம் எழுந்தவுடன், ஆம்புலன்சில் ஏற்றுமுன்பே, செஃப்ட்ரியாக்சோன் அல்லது பெனிசிலின் ஊசியைப் போட்டுவிடுதல் நன்று என்பது மருத்துவ நூல்களின் முடிபு. நோய் வைரஸினுடையதாக இருந்தால் அவ்வூசியால் பயனில்லை; பெருந்தீங்கும் இல்லை. பின்னர்ப் பெரிய மருத்துவமனையில் நீர் எடுக்கப்படும்; அது கலங்கியிருந்தால் அதே மருந்து தொடரும். தெளிந்திருந்தால் அதில் ஒரு பகுதி, 1955-இல் வேலூரிலிருந்து பூனாவுக்குச் சென்றது போல, ஆய்வுச் சாலைக்குச் செல்லும். அன்று முடிவு தெரியப் பல வாரங்கள் ஆயின. இன்று, ஜப்பானிய வைரஸுக்கு எதிராக உடல் முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அந்நீரிலேயே காட்டும் சோதனைப் பெட்டியைப் புனே நிறுவனம் செய்து நாடெங்கும் அனுப்புகிறது. ஆய்வுச் சாலையை நீர் அடைந்தபின் முடிவு அறிய ஓரிரு நாட்களே ஆகின்றன.